பேரவையில் கேட்க ஒரு கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மனுவை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்து முடித்தேன். 7 பக்கம், 14 கோரிக்கைகள், பின்னிணைப்பாகப் பத்திரிகைச் செய்திகளின் நகல். துணிக்கடைப் பெண்கள் காலையில் கடை திறக்கும்போது நிற்க ஆரம்பித்து, இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்பதைச் சொல்லும் பத்தி நன்றாக வந்திருக்கிறது. ஆள் வராத மதிய நேரத்தில் ரேக்கில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு பெண் உன்னிடம் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறாய். அதில் கை வைக்காதே. மற்றதில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

இந்த 7 பக்கத்தை உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் நீட்டினால் நடக்கப்போவது இதுதான். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர் போட்டோ எடுப்பார். "கண்டிப்பா பண்ணிடலாம்" என்பார். நீங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மனு உதவியாளர் கைக்குப் போயிருக்கும். அவர் அதன் தலையில் "தொழிலாளர் துறை, ஆவன செய்யவும்" என்று எழுதிக் கட்டோடு வைப்பார். அது மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து "சட்டப்படி தொடர் ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன" என்று ஒரு கடிதம் வரலாம், வராமலும் போகலாம். இதில் யாரும் பொய் சொன்னதாக ஆகாது. யாரும் வேலை செய்ததாகவும் ஆகாது.

எம்.எல்.ஏ. கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. காலை ஆறரைக்கே அவர் வீட்டு வராந்தாவில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பார். பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், காலேஜ் சீட், மருமகனுக்கு இடமாறுதல், கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை. அவரவருக்கு அவரவர் காரியம் ஒன்றுதான். உன்னிடம் மட்டும் 14 இருக்கிறது. இருக்கை, கழிப்பறை, குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., விடுதி, இரவு பஸ், குழந்தைகள் காப்பகம் என்று எல்லாமே நியாயம்தான். ஆனால் 14 கேட்கிறவரிடம் எதையும் மறுக்க வேண்டிய அவசியமே வராது. தலையாட்டினால் போதும்.

ஆகவே முதலில் அவர் கையில் என்னதான் இருக்கிறது என்று கணக்குப் பார். கடைக்காரருக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. இன்ன கடைக்குப் போய் வழக்குப் போடு என்று ஆய்வாளரிடம் அவர் சொல்லவும் கூடாது. இன்றைக்கு உனக்காக அப்படிச் சொல்கிறவர் நாளைக்கு இன்னொருவருக்காக "அந்தக் கடையை விட்டுடுங்க" என்பார். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு. அது பொதுச் சொத்தாக நிற்கிற கட்டுமான வேலைகளுக்கு, தனியார் கடைக்குள் நாற்காலி போட அல்ல. இதெல்லாம் போக அவரிடம் மிஞ்சுவது பேரவையில் எழுந்து பேசும் உரிமை, அமைச்சரிடம் கேள்வி கேட்கும் உரிமை, குழுக்களில் இடம், கோட்டையில் அமைச்சர் அறைக்குள் நுழையும் வசதி. தமிழ்நாடு முழுக்க 234 பேருக்குத்தான் இது வாய்த்திருக்கிறது. துணி இருக்கும் அளவுக்குத்தான் சட்டை தைக்க முடியும். கோரிக்கையை அந்தத் துணிக்கு அளவெடுத்து வெட்டு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். "கடைகளில் உட்கார இடம் கொடுக்கச் சட்டம் கொண்டுவர வேண்டும்" என்பது உன் முதல் கோரிக்கை. தம்பி, சட்டம் இருக்கிறது. அது வந்த கதை உன் வேலைக்கு நேரடியாகப் பயன்படும், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நின்றுகொண்டே வேலை பார்க்கும் தொழிலாளிக்கு, உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவே சொன்னது. கடைகளுக்குப் பொருந்துகிற 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்போது அப்படி ஒரு வரி இருக்கவில்லை. ஆலையில் நிற்கிற கால்தான் வலிக்கும், கடையில் நிற்கிற கால் வலிக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. கேரளத்தில் இதைக் கையில் எடுத்தது 'பெண்கூட்டு' என்ற அமைப்பு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைச் சேர்த்து, தையல் தொழிலாளியான விஜி அதைத் தொடங்கினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் அவர்கள். உட்காரும் உரிமை அதிலிருந்துதான் வளர்ந்தது. 2018-ல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது.

நம் ஊரில் துணிக்கடைத் தொழிலாளர் வாழ்க்கையை 'அங்காடித் தெரு' படம் 2010-லேயே திரையில் காட்டிவிட்டது. பார்த்தவர்கள் அழுதார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு வரி சேர அதற்குப் பிறகு 11 ஆண்டு ஆனது. 2019-ல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் இருக்கை பற்றிய யோசனை வைக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது. அப்படி ஒரு குழு இருப்பதே பலருக்குத் தெரியாது. நடுவில் கொரோனா வந்தது, தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. 2021 செப்டம்பரில் புதிய அரசின் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் திருத்த மசோதாவைப் பேரவையில் வைத்தார். 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் தகுந்த இருக்கை ஏற்பாடு இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பது அதன் சாரம்.

இதில் நான் கவனித்தது ஒன்று. ஓர் ஆட்சியில் கோப்பில் ஏறிய விஷயம் அடுத்த ஆட்சியில் சட்டமானது. அது ஒரு தலைவரின் வாக்குறுதியாக மட்டும் இருந்திருந்தால் அவரோடு போயிருக்கும். கட்சியின் முழக்கமாக இருந்திருந்தால் அடுத்து வந்தவர்கள் தொட்டிருக்க மாட்டார்கள். குழுத் தீர்மானமாகக் கோப்பில் கிடந்ததால் யார் வந்தாலும் எடுக்க முடிந்தது. தொண்டு நிறுவனத்துக்காரர்கள் மேடையில் வாக்குறுதி வாங்குவதற்குக் காட்டும் ஆர்வத்தில் கால்வாசியையாவது கோப்பில் ஏற்றுவதற்குக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு.

சட்டம் இருக்கிறது, கடையில் ஸ்டூல் இல்லை. அப்படியானால் கேட்க வேண்டியது அமலாக்கத்தைப் பற்றி. இங்கேதான் எம்.எல்.ஏ.வின் கேள்வி உனக்குக் கைகொடுக்கும். பேரவைக் கேள்விகள் வழக்கமாக எப்படி முடியும் என்று பார்த்திருப்பாய்: "ஆவன செய்ய அரசு முன்வருமா?" இந்த வடிவத்தில் இருக்கையைப் பற்றிக் கேட்டால் அமைச்சர் எழுந்து, "ஏற்கெனவே சட்டம் இயற்றப்பட்டுள்ளது" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். மேசைகள் தட்டப்படும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கட்டும்: கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 22-ஏ பிரிவின் கீழ் கடந்த நிதியாண்டில் இந்த மாவட்டத்தில் எத்தனை கடைகள் ஆய்வு செய்யப்பட்டன? எத்தனை கடைகளில் குறை கண்டறியப்பட்டது? எத்தனை வழக்குகள் தொடரப்பட்டன? இதற்கு எண்ணைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். எண் கேட்டு கோட்டையிலிருந்து மாவட்டத்துக்குக் குறிப்பு போகும். பதில் பூஜ்யம் என்றால் அதை அனுப்ப எந்த அதிகாரிக்கும் கை வராது. கேள்வி சபைக்கு வருவதற்கு முன்பே நாலு கடைக்கு ஆய்வாளர் போய் வந்திருப்பார். கேள்வியின் பாதிப் பலன் அங்கேயே கிடைத்துவிடும்.

ஆகவே மனு ஒரே பக்கம் இருக்கட்டும். மேலே அந்தப் பெண் சொன்ன மைக் கதை, நாலு வரியில். அதன் கீழே சட்டப் பிரிவு. அதன் கீழே நீங்கள் கடைவீதியில் நேரில் பார்த்தது: எத்தனை கடை, எத்தனையில் இருக்கை இருந்தது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள். கடைப் பெயர் வேண்டாம். கடைசியில் கேள்வி, அப்படியே நோட்டீஸில் எழுதிக் கொடுக்கக்கூடிய வாசகமாக. உதவியாளர் திருத்தி எழுத வேண்டியிருந்தால் அது அவர் மேசையிலேயே தங்கிவிடும்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். பேரவை ஆண்டு முழுக்கக் கூடுவதில்லை. ஆளுநர் உரை, பட்ஜெட், அதன் பிறகு துறை துறையாக மானியக் கோரிக்கை விவாதம். தொழிலாளர் நலத்துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் அத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை உறுப்பினர்களுக்குக் கொடுப்பார்கள். போன வருடத்துக் குறிப்பை இப்போதே வாங்கிப் படி. துறை தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வரிகளை அடிக்கோடிடு. உறுப்பினர் பேசும்போது அந்த வரியையே எடுத்துப் பேசினால் அமைச்சரால் தட்டிக்கழிக்க முடியாது. கேள்விக்கும், மானியத்தைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானத்துக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதால் விவாதத்துக்கு முந்தின நாள் ஓடிப்போய்ப் பயன் இல்லை. கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த உடனே காகிதம் அவர் கையில் இருக்க வேண்டும்.

அமைச்சர் "பரிசீலிக்கப்படும்" என்று சொல்லிவிட்டால் மனம் தளராதே. சபையில் அமைச்சர் கொடுக்கும் உறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்டங்களுக்கு வந்து ஆய்வும் செய்வார்கள். மனுக்கள் குழு என்று இன்னொன்று உண்டு. அதற்குப் பொதுமக்களே நேரடியாக மனு அனுப்பலாம், எம்.எல்.ஏ. வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும் தேதி உள்ளூர்ப் பத்திரிகையில் சின்னதாக வரும். அந்தச் சின்னச் செய்திகளைப் படிக்கிற பழக்கத்தை வைத்துக்கொள். உன் வயதில் எல்லோரும் தலைப்புச் செய்தியோடு நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் எம்.எல்.ஏ. ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று நீ எழுதவில்லை. எழுதாததும் நல்லதுதான், இரண்டு பக்கமும் போக வேண்டும். எதிர்க்கட்சி உறுப்பினர் உரத்துக் கேட்பார், பதிலும் அதே சூட்டில் வரும், உன் விஷயம் நடுவில் காணாமல் போகலாம். ஆளுங்கட்சி உறுப்பினர் சபையில் தன் அமைச்சரைச் சங்கடப்படுத்த விரும்பமாட்டார், ஆனால் லாபியில் தோளில் கை போட்டு "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார். எனக்கு அந்த இரண்டாவது முறையில் நம்பிக்கை அதிகம். சிலர் அதைக் கோழைத்தனம் என்பார்கள். ஒருவரிடம் கொடுத்ததை மற்றவரிடம் மறைக்காதே. "இதே காகிதத்தை அவருக்கும் கொடுத்திருக்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடு. பின்னால் தெரியவந்தால் இருவருமே உன்னை எதிராளியின் ஆளாக நினைப்பார்கள்.

இன்னொரு இடத்துக்கும் போக வேண்டும், உனக்குப் பிடிக்காத இடம்: வணிகர் சங்கம். எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கும்போது கடைவீதி அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்கே தெரியும். நீ போய்வந்த மறுநாள் அவர்கள் போவார்கள். "இட நெருக்கடி, ஸ்டூல் போட்டால் வாடிக்கையாளர் நடக்க வழியில்லை, உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் கஸ்டமர் மரியாதை இல்லை என்று நினைக்கிறார்" என்பார்கள். இதை நீயே முதலில் போய்க் கேட்டுக்கொண்டு வந்து, மடித்துவைக்கும் ஸ்டூல், மாற்றி மாற்றி உட்காரும் ஏற்பாடு என்று பதிலையும் யோசித்துக்கொண்டு போனால், "வணிகர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று எம்.எல்.ஏ. கேட்கும்போது உன்னிடம் விடை இருக்கும். அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருக்கமாட்டார்.

சந்திப்பைப் பற்றிச் சில விஷயங்கள். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் பத்து மணிக்குக் காத்திருப்பதைவிட உதவியாளரிடம் முன்பே பேசி நேரம் வாங்கு. அந்த உதவியாளரின் பெயரையும் நம்பரையும் உறுப்பினருடையதைவிடப் பத்திரமாக வைத்துக்கொள். கட்சிக்காரர்கள் "அண்ணே" என்பார்கள். நீ "சார்" என்றால் போதும், உறவு கொண்டாட வேண்டாம். சால்வை வேண்டாம். நன்கொடைக் காசில் சால்வை வாங்குவதே தப்பு, அதிலும் கடைக்காரர் எந்த நிறத்தை எடுத்துக் கொடுப்பாரோ! போட்டோ எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கட்சிக்கொடியோ தலைவர் படமோ பின்னால் தெரியாத மூலையில் நின்று. எந்த வடிவத்திலும் எந்தப் பொருளும் கை மாறக் கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்களை நாடாளுமன்றம் வெளியேற்றியது நினைவிருக்கட்டும்.

யார் பேசுவது? நீ பேசாதே. உங்கள் தொண்டு நிறுவன இயக்குநரும் பேச வேண்டாம். கடையில் நின்ற ஒரு பெண் பேசட்டும், இரண்டே நிமிடம். ஆனால் இப்போது வேலையில் இருக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகாதே. பல கடைகளில் விடுதியும் முதலாளியுடையதுதான். வேலை போனால் அன்றிரவே படுக்க இடமும் போகும். எம்.எல்.ஏ. வீட்டு வராந்தாவில் கடைக்காரருக்கு வேண்டியவர் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். வேலையை விட்டுவிட்ட பெண், கல்யாணமாகிப் போன பெண், நரம்பு சுருண்டு நிற்க முடியாமல் வேலையிலிருந்து விலகிய அக்கா என்று யாராவது கிடைப்பார்கள். அவர்களிடமும் பத்திரிகையில் பெயர் வரலாமா என்று முன்பே கேட்டுவிடு.

பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்றும் எதிர்பார்க்காதே. பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். அடையாறில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியும் சேர்ந்துதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். முதல் பெண் உறுப்பினர், பிறகு அதன் துணைத் தலைவர். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்த வேண்டும் என்று 1927-ல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரே அதை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். அதே மரபில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் ஆதரித்து ஊர் ஊராகப் பேசினார்கள். தாசிகளுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டம் 1929-ல் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது. காந்தி கைதானதை எதிர்த்து 1930-லேயே முத்துலட்சுமி ரெட்டி பதவியைத் துறந்துவிட்டார். சபைக்குள் ஓர் ஆள் வெளியே ஒரு சங்கம் என்று இருந்தும் தீர்மானத்திலிருந்து சட்டம் வர 20 ஆண்டு. அதில் சபைக்குள் அவர் இருந்தது முதல் சில ஆண்டுகள்தான். மீதிக் காலம் வெளியே இருந்தவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் திட்டம் மூன்று வருட நிதியோடு முடிகிறது என்று எழுதியிருந்தாய், அதனால் சொன்னேன்.

உங்கள் இயக்குநர் "அரசியல்வாதியைப் பார்த்தால் எஃப்.சி.ஆர்.ஏ. போய்விடும்" என்று பயப்படுவதாக எழுதியிருக்கிறாய். அவர் பயம் முழுக்கத் தவறில்லை, ஆனால் இடம் மாறி விழுந்திருக்கிறது. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வேட்பாளர், கட்சி, எம்.எல்.ஏ., எம்.பி. ஆகியோர் வெளிநாட்டுப் பணம் பெறக் கூடாது என்கிறது. அரசியல் தன்மை கொண்ட அமைப்புகளும் பெறக் கூடாது. எது அரசியல் தன்மை என்பதில்தான் சண்டை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மக்களுக்காகப் பந்த், மறியல் போன்ற போராட்டங்களை ஆதரித்தது என்பதாலேயே ஓர் அமைப்பு அரசியல் அமைப்பாகிவிடாது, கட்சி அரசியலோடு தொடர்பிருந்தால்தான் தடை என்று விளக்கியது. ஒரு சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி உறுப்பினருக்குக் காகிதம் கொடுப்பது அதைவிட எவ்வளவோ சாதுவான காரியம். ஆனாலும் எம்.எல்.ஏ.வை அழைத்து நடத்தும் கருத்தரங்கின் சாப்பாட்டுச் செலவைக்கூட வெளிநாட்டுக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். உள்ளூர் நன்கொடையில் செய்யுங்கள், ரசீது வையுங்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு யாருக்கும் ஆதரவாக ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கூட நிறுவன எண்ணில் போகக் கூடாது. அதற்கு முன்பே எல்லாக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்களுக்கும் ஒரே காகிதத்தைக் கொடுக்கலாம், அதில் தவறில்லை.

நீ கையில் வைத்திருக்கும் அமெரிக்கக் கையேட்டை ஒரு எல்லைக்கு மேல் நம்பாதே. அங்கே தொண்டு நிறுவனம் சட்டமியற்றுபவர்களிடம் எவ்வளவு பேசலாம் என்பதற்கு வரம்பு உண்டு. தனியார் அறக்கட்டளைகளுக்கு 1969 முதல் அதற்குத் தனி வரித்தண்டனை. இங்கே அப்படி அளந்து வைத்த சட்டம் இல்லை. இங்கே இருக்கும் கெடுபிடி வேறு மாதிரி. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குக் கைமாற்ற முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். பெரிய அறக்கட்டளை வாங்கிச் சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்த காலம் போய்விட்டது. உங்களைப் போன்ற இடங்களில் ஆள் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளையிடம் பணத்தைத் தவிர வேறு என்ன கேட்கலாம் என்று யோசித்தாயா? அந்த அறங்காவலர்களுக்கு அமைச்சர் அலுவலகத்தில் ஒரே போனில் நேரம் கிடைக்கும். உங்களுக்கு மாசக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தை வாங்கிக் கொடுத்து, அந்தப் பெண்ணை முன்னால் உட்கார வைத்து, தாங்கள் பின்வரிசையில் பேசாமல் இருக்கச் சம்மதிப்பார்களா என்று கேட்டுப் பார். பேசாமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். கடைவீதிக் கணக்கெடுப்புக்கு ஆள் சம்பளம் கொடுக்கச் சொல்லலாம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், கணக்கெடுப்புக்குக் கல்வெட்டு இல்லை என்பதால் தயங்குவார்கள். நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி என்றால் அதிலிருந்து எந்தக் கட்சிக்கும் ஒரு பைசா போகக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை நீயே முதலில் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி.

கவுன்சிலரை மறந்துவிடாதே. இருக்கை அவர் கையில் இல்லை, கடைவீதிப் பொதுக் கழிப்பறை இருக்கிறது. உன் 14-ல் அந்த ஒன்றை எடுத்து அவருக்குத் தனிக் காகிதமாகக் கொடு. உள்ளாட்சி மன்றங்களில் இனி புது ஆட்களும் இருப்பார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் நீண்டகாலமாகக் கேட்டுவந்த நியமன உறுப்பினர் இடத்துக்கான திருத்தங்களைப் பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. உட்காருவது, நடப்பது, படியேறுவது பற்றி அவர்களிடம் பேசினால் உனக்கு நல்ல கூட்டாளிகள் கிடைக்கலாம்.

கேள்வி சபையில் வந்துவிட்டால் உறுப்பினருக்கு நன்றிக் கடிதம் எழுது, பத்திரிகைக்கு அவர் பெயரைச் சொல். "எங்கள் முயற்சியால்" என்று உங்கள் ஆண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போட வேண்டாம், நிதி தருபவருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் கேட்காமல் விட்டாலும் கோபித்துக்கொண்டு பேஸ்புக்கில் எழுதாதே. அடுத்த கூட்டத்தொடருக்கு அதே காகிதத்தைப் புது எண்களோடு கொண்டு போ.

எண்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதற்கு முன் மாவட்டத் தொழிலாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தகவல் அறியும் உரிமை மனு போடு. மேலே எழுதிய அதே மூன்று கேள்விகள்தான். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் நிறுவனத்தின் பெயரில் போடாதே, குடிமகன் என்ற முறையில் உன் பெயரில் போடு. விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள். பதில் வந்தால் அது உறுப்பினரின் துணைக் கேள்விக்கு உதவும், வராவிட்டால் பதில் வரவில்லை என்பதையே மனுவில் தேதியோடு எழுதலாம். கூட்டத்தொடருக்கு முன் கையில் இருக்க வேண்டுமென்றால் இந்த வாரமே போட்டுவிடு. ஒரு பக்க மனு தயாரானதும் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா